படத்துண்டின் முகவரியும் நீளமும்

அரை மணித்தியால நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியிற் காண்பவர்கள் அதனை ஓடும் படம் என்றே கொள்வர். உண்மையில் அங்கே ஓடுவது எதுவும் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கும் முறைப்படி, ஒரு செக்கனுக்கு 25 நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. கண்ணும் மனமும் அவற்றை இணைத்து அசைவென்று ஏற்றுக்கொள்கின்றன. இக்கணக்கின்படி அரை மணித்தியாலத்துள் 45,000 நிலைப்படங்கள் அடங்கும். இவ்வாறான ஒவ்வொரு நிலைப்படத்தையும் தொழில் செய்வோர் பிரேம் என்பர்.

நிகழ்ச்சியைக் காண்பவருக்கு இந்த எண்ணிக்கை வேண்டாத ஒன்று. படத்தொகுப்பாளருக்கோ அதுவே தொழிலின் அடிப்படை. பத்து மணித்தியாலம் பதிவு செய்த படத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்கு வேண்டியதைத் தெரிந்து, வெட்டி, ஒட்டித் தரும் அவர் இரண்டு வினாக்களுக்கு எந்நேரமும் விடை அறிந்திருத்தல் வேண்டும். இந்தப் பிரேம் எங்கே இருக்கின்றது என்பது ஒன்று. இந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்பது மற்றொன்று. முன்னது முகவரி, பின்னது அளவு. இரண்டும் ஒரே வகையான எண்களால் எழுதப்படுவதால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. படத்தொகுப்பு வேலையில் நேரும் கணக்குப் பிழைகளுட் பெரும்பாலானவை இந்த மயக்கத்தின் பிள்ளைகளே.

படம் பிலிம் சுருளில் இருந்த காலத்தில் இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கையிலேயே கிடைத்தது. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். பேசும் படம் செக்கனுக்கு 24 பிரேம் வேகத்தில் ஓடுவதால், ஒரு நிமிடத்துக்கு 90 அடி செல்லும். பிலிமின் ஓரத்தில் அடிக்கொரு முறை ஏறுவரிசையில் எண் பதிக்கப்பட்டிருந்தது. தொகுப்பாளர் சுருளை வெளிச்சத்திற் பிடித்து, ஓர எண்ணைப் பார்த்து, அதிலிருந்து பிரேம்களை விரலால் எண்ணிக்கொள்ளலாம். துண்டின் நீளத்தை அறிய அதனை மேசை மீது விரித்து அளந்தாற் போதும். முகவரி வேறு, அளவு வேறு என்பது அங்கே கண்ணுக்கே புலப்பட்டது.

காந்த நாடா வந்ததும் அந்த வசதி போயிற்று. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்பெக்ஸ் கம்பனியார் சிக்காகோ நகரில் தம் ஒளிப்பதிவு நாடா இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தனர். இரண்டு அங்குல அகலமுள்ள நாடா செக்கனுக்கு 15 அங்குல வேகத்தில் ஓடியது. அமெரிக்க முறைப்படி செக்கனுக்கு 30 பிரேம் என்று கொண்டால், ஒரு பிரேமின் பங்கு அரை அங்குல நாடா. ஆனால் அந்த அரை அங்குலத்தைக் கண்ணாற் காண இயலாது. நாடாவை வெளிச்சத்திற் பிடித்தால் தெரிவது மண்ணிறம் ஒன்றே. வெட்டவேண்டிய இடத்தை அறிய, நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை நாடாவின் மீது பூசி, அதிற் புலப்படும் காந்தத் தடங்களை உருப்பெருக்கியால் நோக்கிச் சவர அலகினால் வெட்டினர். வெட்டு ஒரு மயிரிழை பிசகினாலும் ஒட்டிய இடத்தைக் கடக்கும்போது படம் துள்ளியது.

கண்ணுக்குத் தெரியாத பிரேமுக்கு ஒரு பெயர் இடுவதே இதற்குப் பரிகாரம் ஆயிற்று. 1967 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஈக்கோ என்னும் கம்பனி, நாடாவில் ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய நேர எண்ணைப் பதியும் கருவியை வெளியிட்டது. பின்னர், 1970களில், அமெரிக்காவின் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளர் சங்கமும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் இவ்வகைக் குறியைப் பொது நியமமாக்கின. அதுவே இன்றுவரை டைம்கோட் என வழங்கும் நேரக்குறி.

நேரக்குறியில் நான்கு இரட்டை எண்கள் உள்ளன. மணித்தியாலம், நிமிடம், செக்கன், பிரேம் என்பது அவற்றின் வரிசை. 10:14:32:07 என்றால் பத்தாம் மணித்தியாலம், பதினான்காம் நிமிடம், முப்பத்திரண்டாம் செக்கன், ஏழு என்னும் எண்ணுடைய பிரேம் என்பது பொருள். ஒலித்தடம் ஒன்றிற் பதியும் முறையில், ஒவ்வொரு பிரேமுக்கும் 80 இரும எண்கள் கொண்ட ஒரு வரிசை செல்கின்றது. அதன் இறுதி 16 எண்கள் எப்போதும் மாறாத ஓர் அடையாளம். நாடா முன்னே ஓடுகின்றதா, பின்னே ஓடுகின்றதா என்பதை இயந்திரம் அந்த அடையாளத்தைக் கொண்டே அறியும். நாடா விரைந்து ஓடினும் மெல்ல ஓடினும் குறியை வாசிக்கலாம். முற்றாக நின்றுவிட்டால் வாசிக்க இயலாது. அக்குறை தீர, படத்தின் மேல் விளிம்பில் பார்ப்போர் காணாத வரிகளிலும் நேரக்குறியைப் பதியும் மற்றொரு முறை பின்னர் வந்தது.

இன்று நாடாவும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. படம் நினைவட்டையிற் கோப்பாக இருக்கின்றது. தொகுப்பு வேலை கணினித் திரையில் நடைபெறுகின்றது. அவிட், பிரீமியர், டாவின்சி றிசோல்வ், கேடென்லைவ் என மென்பொருள்கள் பல. எனினும் 1967 இல் நாடாவுக்காகப் பிறந்த எட்டு இலக்கம் அவை அனைத்தின் திரையிலும் நிலைத்து நிற்கின்றது. பொதுவாகத் திரையில் இத்தகைய எண்கள் இரண்டு காணப்படும். ஒன்று, ஓடுகோடு நிற்கும் இடத்தின் முகவரி. மற்றொன்று, தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடைப்பட்ட துண்டின் நீளம். புதிதாகக் கற்பவர் முதலிற் செய்யவேண்டியது, எந்த எண் எதனைச் சொல்கின்றது என்று அறிந்துகொள்வதே.

அடுத்துக் கற்கவேண்டியது கூட்டலும் கழித்தலும். நேரக்குறியின் நான்காம் வரிசை நூறு வரை செல்வதன்று. 24 வரை சென்று அடுத்த எண்ணிற் சுழியமாகிச் செக்கனை ஒன்று கூட்டிவிடும். ஒரு துண்டு 10:14:32:19 இல் தொடங்கி 10:14:58:06 இல் முடிகின்றது என்று கொள்ளலாம். ஆறிலிருந்து பத்தொன்பது போகாது. ஆதலால் ஒரு செக்கனைக் கடன் வாங்க வேண்டும். வருவது பத்தன்று, 25. ஆறும் இருபத்தைந்தும் 31. அதிற் பத்தொன்பது போக 12. செக்கன் வரிசையில் 57 இலிருந்து 32 போக 25. எனவே நீளம் 25 செக்கனும் 12 பிரேமும். பிரேம்களாக எண்ணினால் 637. சாதாரண கணக்குப் பொறியில் தசமமாக இதனைச் செய்பவர் ஏமாந்துபோவர். 4 செக்கன் 13 பிரேமுடன் 3 செக்கன் 15 பிரேமைக் கூட்டினால் கணக்குப் பொறி 7.28 என்று காட்டும். உண்மையான விடை 8 செக்கன் 3 பிரேம். அவ்வாறே 12 பிரேம் என்பது செக்கனின் நூற்றிற் பன்னிரண்டு பங்கன்று. ஏறத்தாழ அரைச் செக்கன்.

இவை கூட்டல் கழித்தற் பிழைகள். இவற்றினும் நுட்பமானது வேலி எண்ணும் பிழை. யாழ்ப்பாணத்தில் வேலி அடைப்பவர் எவரும் இதனை அறிவர். சம இடைவெளியில் 11 கதியால் நட்டால், நடுவே உள்ள இடைவெளி 10. கதியாலை எண்ணுகின்றோமா, இடைவெளியை எண்ணுகின்றோமா என்று தெரியாதவனுக்கு ஒன்று கூடும், அல்லது குறையும். படத்தொகுப்பிலும் அதுவே நேர்கின்றது. 10:00:05:00 என்னும் பிரேமிலிருந்து 10:00:09:24 என்னும் பிரேம் வரை வேண்டும் என்று ஒருவர் குறித்துக்கொள்கின்றார். கழித்துப் பார்த்தால் 4 செக்கன் 24 பிரேம் வருகின்றது. ஆனால் முதற் பிரேமும் வேண்டும், கடைசிப் பிரேமும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் நீளம் சரியாக 5 செக்கன்.

பல மென்பொருள்களில், ஒரு பிரேமில் நின்று முடிவுக் குறி இட்டால் அந்தப் பிரேமும் துண்டுக்குள் அடங்கும். ஆனால் ஓரிடத்துத் தொகுப்பை வேறிடத்துக்கு அனுப்ப எழுதும் வெட்டுப் பட்டியல்களில், சி. எம். எக்ஸ். என்னும் பழைய முறை தொட்டு, முடிவு எண் துண்டுக்குள் அடங்காத அடுத்த பிரேமையே குறிக்கும். மேற்சொன்ன துண்டு அப்பட்டியலில் 10:00:10:00 இல் முடிவதாகவே எழுதப்படும். திரையிற் கண்ட எண்ணைக் கையால் எழுதி, அதைக் கொண்டு நீளத்தைக் கணிப்பவர் துண்டுக்கு ஒரு பிரேம் குறைத்து எழுதிவிடுவார். ஒரு பிரேம் தானே என்று அதனை ஒதுக்குதல் கூடாது. அரை மணித்தியால நிகழ்ச்சியில் 300 வெட்டுக்கள் இருந்தால் காகிதத்திற் கூட்டிய மொத்தம் 300 பிரேம், அஃதாவது 12 செக்கன், குறைவாக நிற்கும். ஒளிபரப்பில் 12 செக்கன் என்பது ஒரு விளம்பரத்தின் நேரம். செய்தி தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும் நேரம்.

மூன்றாவது பிழை வட அமெரிக்காவிற் பிறந்தது. அங்கே கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி செக்கனுக்கு 30 பிரேம் வேகத்தில் ஓடியது. 1953 ஆம் ஆண்டு வண்ணத் தொலைக்காட்சிக்கு நியமம் வகுத்தபோது, வண்ணச் செய்தியும் ஒலிச் செய்தியும் ஒன்றோடொன்று மோதிப் படத்திற் கறைபடுத்தாதிருக்க, வேகத்தை 1001க்கு 1000 என்னும் விகிதத்திற் சற்றே தளர்த்தினர். அன்றிலிருந்து அங்கே செக்கனுக்கு 30 பிரேம் அன்று, ஏறத்தாழ 29.97. ஆனால் நேரக்குறியில் முப்பதில் ஒரு செக்கன் என்றே எண்ணியாக வேண்டும். பின்ன எண்ணைப் பிரேமுக்குப் பெயராக இடுதல் இயலாது. இதன் பயனாக, நேரக்குறியில் ஒரு மணித்தியாலம் என்று தெரியும் நிகழ்ச்சி சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் 3.6 செக்கன் ஓடிவிடும்.

இதனைச் சீர்செய்யப் பொறியியலாளர் ஓர் உபாயம் கண்டனர். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்னும் இரண்டு பிரேம் எண்களைத் தாண்டிச் செல்லுதல். பத்தாம், இருபதாம் நிமிடம் போன்ற பத்தின் மடங்குகளில் மட்டும் தாண்டாதிருத்தல். மணித்தியாலத்தில் 54 நிமிடங்களில் இவ்விரண்டாக 108 எண்கள் தாண்டப்படுகின்றன. 108 பிரேம் என்பதே அந்த 3.6 செக்கன். பஞ்சாங்கத்திற் சூரியனோடு ஒத்துப்போகத் திதி சில வேளை விடுபடுவதை அறிந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. திதி விடுபட்டால் நாள் குறைவதில்லை. அவ்வாறே இங்கும் எண்தான் தாண்டப்படுகின்றது. படம் ஒன்றும் வெட்டப்படுவதில்லை. இதனை அறியாது, படம் கெடுகின்றது என்று அஞ்சி இம்முறையை விலக்குவோர் இன்றும் உளர்.

முகவரிக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே மிகத் தெளிவாகின்றது. அம்முறையில் 00:00:59:28 என்னும் பிரேமிலிருந்து 00:01:00:03 வரை வெறுமனே கழித்தால் 5 பிரேம் என்று வரும். ஆனால் 29க்கு அடுத்து வருவது 02 ஆதலால் உண்மையில் இடையே உள்ளவை 3 பிரேம்களே. பல மென்பொருள்கள் தாண்டும் முறையை அரைப்புள்ளியாலும் தாண்டா முறையை முக்காற்புள்ளியாலும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. அச்சிறு புள்ளியைப் பாராது எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது பாதி முகவரி எழுதிய கடிதத்தை அஞ்சலிற் சேர்ப்பது போலாகும்.

செக்கனுக்கு 25 என்னும் முறை வழங்கும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இத்தொல்லை உரியதன்று. எனினும் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் தமிழர் அங்குள்ள முறையிற் பதிந்த படத்தை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ அனுப்பும்போது அது உடன் வந்துவிடுகின்றது. கைப்பேசிப் பதிவுகளிற் சில, வெளிச்சத்துக்கேற்பப் பிரேம் வேகத்தையே இடையிடையே மாற்றிக்கொள்வதும் உண்டு. அத்தகைய படத்தை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாது தொகுக்கத் தொடங்கினால், சிறிது தூரம் சென்றதும் பேசுபவரின் உதடும் குரலும் பிரிந்து நிற்றல் கூடும்.

இனி, ஒரே பிரேமுக்கு முகவரி இரண்டு உண்டு என்பதும் அறியத்தக்கது. படக்கருவி இட்ட எண் மூலத்தின் முகவரி. அந்தத் துண்டு தொகுப்பில் வைக்கப்பட்ட இடத்தின் எண் நிகழ்ச்சியின் முகவரி. ஐக்கிய இராச்சியத்தில் ஒளிபரப்புக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிகள் 10:00:00:00 என்னும் எண்ணிலும், வட அமெரிக்காவிற் பொதுவாக 01:00:00:00 என்னும் எண்ணிலும் தொடங்குவது வழக்கம். சுழியத்திலிருந்து தொடங்காமைக்குக் காரணம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னே வண்ணப் பட்டைகளும் சோதனை ஒலியும் நிகழ்ச்சியின் பெயர்ப் பலகையும் வருதல் வேண்டும். சுழியத்துக்கு முன் செல்லும் எண் 23:59 என்று நள்ளிரவைத் தாண்டிவிடும்; பழைய இயந்திரங்கள் அவ்விடத்தில் தடுமாறின. எனவே 10:12:00:00 என்று முகவரி கண்டவர் நிகழ்ச்சி பத்து மணித்தியாலம் நீண்டது என்று கொள்ளலாகாது. தொடக்கத்திலிருந்து 12 நிமிடம் சென்றது என்பதே பொருள். இரண்டு படக்கருவிகள் ஒரே எண்ணிலிருந்து தொடங்குவதும் உண்டு. அப்போது எண்ணோடு அட்டையின் பெயரையும் எழுதாவிட்டால் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருப்பது போன்ற குழப்பம் நேரும்.

துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் நிகழ்ச்சியின் நீளம் வந்துவிடும் என்று எண்ணுவதும் எப்போதும் சரியன்று. ஒன்று மற்றொன்றிற் கரைந்து செல்லும் இடத்தில் இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்து செக்கன் துண்டுகள் இரண்டை ஒரு செக்கன் கரைவோடு இணைத்தால் மொத்தம் பத்தன்று, ஒன்பது. செக்கனுக்கு 50 பிரேம் வேகத்தில் எடுத்த பத்துச் செக்கன் காட்சியை 25 பிரேம் வேகத்தில் மெதுவாக ஓட்டினால் அது இருபது செக்கன் ஆகும். மூலத்தின் முகவரியில் மாற்றம் இல்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். தமிழ் மொழியே அதற்கு விடை தருகின்றது. தமிழ் இலக்கணத்தார் ஒலியின் கால அளவை மாத்திரை என்றனர். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே அதன் அளவு என்றனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த அரை மாத்திரை மெய்யிலேதான் தமிழ் தன் மரியாதையை வைத்திருக்கின்றது. வந்தார் என்பதற்கும் வந்தான் என்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்லின் ஈற்றில் நிற்கும் ஒரு மெய்யெழுத்து. 25 பிரேம் முறையில் ஒரு பிரேமின் நேரம் ஆயிரத்தில் 40 பங்குச் செக்கன். முடிவுக் குறியை ஓரிரு பிரேம் முன்தள்ளி இட்டுவிட்டால் அந்த ஈற்று மெய் சிதையும். முதியவர் ஒருவரின் நேர்காணலில் அவர் மதிப்போடு சொன்ன சொல், மதிப்பிழந்த பேச்சுவழக்குப் போல் ஒலிக்கும். படத்தைப் பிரேமுக்கு உள்ளே வெட்ட முடியாது. ஒலியையோ செக்கனுக்கு 48,000 கூறுகளாகப் பதிவதால் ஒரு பிரேமுக்குள்ளே 1,920 இடங்களில் வெட்டலாம். ஆதலால் நல்ல தொகுப்பாளர் படத்தை முன்னர் வெட்டினாலும் குரலைச் சொல் முடியும் வரை நீளவிடுவார்.

மொழிபெயர்ப்பு வரிகளுக்கும் இதுவே நிலை. கீழே ஓடும் எழுத்து வரி ஒவ்வொன்றும் எந்த எண்ணில் தோன்றி எந்த எண்ணில் மறைவது என்று நேரக்குறியாலேயே எழுதப்படுகின்றது. வரிகள் எழுதி முடிந்தபின் நிகழ்ச்சியின் தொடக்கத்திலிருந்து இரண்டு செக்கனை எவரேனும் நீக்கினால், அதற்குப் பின் வரும் வரிகள் அனைத்தும் இரண்டு செக்கன் பிந்தும். ஒருவர் பேசி முடித்தபின் அவர் சொல் மற்றொருவர் முகத்தின் கீழே தோன்றும். சொல்லாத ஒன்றைச் சொன்னவராக ஒருவரைக் காட்டுவதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. எண்ணில் ஒரு கவனக்குறைவே போதும்.

ஆகவே தொழில் பயில்வோர்க்குச் சில பழக்கங்கள் கைவரல் வேண்டும். வேலை தொடங்குமுன் படத்தின் பிரேம் வேகத்தை அறிந்து தொகுப்பின் வேகத்தை அதற்கேற்ப அமைத்தல் முதலாவது. குறிப்பேட்டில் எண்ணை எழுதும்போது அது மூலத்தின் முகவரியா, நிகழ்ச்சியின் முகவரியா, நீளமா என்பதையும் உடன் எழுதுதல் இரண்டாவது. நீளத்தை மனக்கணக்கிற் போடாது, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்டு மென்பொருள் காட்டும் எண்ணோடு ஒப்பிடுதல் மூன்றாவது. வெட்டிய பின் ஓர் எண்ணையும் பாராது, சொல் முழுதாக ஒலிக்கின்றதா என்று கண்ணை மூடிக் கேட்டல் நான்காவது. இந்நான்கிற்கும் பொருட்செலவு இல்லை, பொறுமையே செலவு.

பதிவு செய்யப்பட்ட குரல்கள் பல, பேசியவர் காலத்துக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றன. ஒரு நாட்டுக்கூத்து அண்ணாவியாரின் நேர்காணல் இன்று தொகுக்கப்பட்டுப் பேழையில் வைக்கப்படுகின்றது என்று கொள்ளலாம். முப்பது ஆண்டு கழித்து ஒரு மாணவன் அவர் பாடிய ஓர் அடியை மட்டும் தேடி வரக்கூடும். அன்று அந்த அண்ணாவியாரும் இரார், தொகுத்தவரும் இரார். அட்டையின் பெயரும், பிரேம் வேகமும், எட்டு இலக்க முகவரியும், துண்டின் நீளமும் சரியாக எழுதி வைக்கப்பட்டிருந்தால் அந்த அடி சில நொடிகளில் அவன் செவிக்கு எட்டும். எழுதி வைக்கப்படாவிட்டால், அது பேழையில் இருந்தும் இல்லாததாகிவிடும்.